கிணற்றின் வேகமும் மோட்டரின் வேகமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கியாறு என்று ஒன்று உண்டு. அதுவும் மாரிமழை பெய்யும் நாட்களிலே மட்டும் ஓடிப் பின்னர் வெறுந்தடமாகிவிடும். ஆயினும் இந்நாட்டுச் செம்மண்ணிலே புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் வாழையும் தலைமுறை தலைமுறையாக விளைந்து வந்துள்ளன. விளைவித்தது கிணற்று நீர். அந்நீரை மேலே கொண்டு வந்தது துலா.

துலாவைக் கண்ணாற் காணாத இளைஞர் பலர் இன்று இருக்கக்கூடும். ஆடுகாலின்மேல் நீண்ட துலாமரம். அதன் நுனியிலே கொடி. கொடியின் முனையிலே பனையோலைப் பட்டை. துலாவின்மேல் ஒருவரோ இருவரோ முன்னும் பின்னும் நடப்பர். கிணற்றடியில் நிற்பவர் பட்டையைக் கவிழ்ப்பார். தோட்டத்திலே ஒருவர் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுவார். பாத்தி நிரம்புமுன் அடுத்த பாத்தி ஆயத்தமாகவில்லையென்றால் அவர் ஒரு குரல் கொடுப்பார். மேலே நடப்பவரின் கால் தளரும். கிணற்றிலே நீர் வாங்கினால் பட்டை கவிழ்ப்பவரும் அவ்வாறே சொல்வார். துலா, தேவைக்கும் ஊற்றுக்கும் ஏற்ப வேகத்தை மாற்றிக்கொள்ளும் இயந்திரம் என்பதை அதனை மிதித்தவர்கள் நன்கறிவர். அதனை அவர்கள் ஒரு பெருமையாக எண்ணியதில்லை, அவ்வளவே.

துலாவின் இடத்தை மண்ணெண்ணெய் இயந்திரமும் பின்னர் மின்மோட்டரும் பிடித்துக்கொண்டன. மனிதரின் உடலுழைப்புக் குறைந்தது. அது பெரிய நன்மை. ஆனால் மின்மோட்டருக்கு ஒரேயொரு வேகந்தான் தெரியும். சுவிற்சைப் போட்டால் முழுவேகம்; நிறுத்தினால் ஓய்வு. இடையிலே ஒன்றுமில்லை. அந்த இடைநிலையை மோட்டருக்குத் திருப்பிக் கொடுக்கும் சிறியதொரு கருவியைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன். கடைக்காரர் இதனை 'வி.எஃப்.டி.' என்றும், 'டிரைவ்' என்றும், சிலவேளை 'இன்வேர்ட்டர்' என்றும் சொல்வர். நாம் இதனை வேகமாற்றி என்று அழைப்போம்.

மோட்டர் ஏன் ஒரே வேகத்தில் ஓடுகின்றது என்பதை முதலிலே விளங்கிக்கொள்ள வேண்டும். 1990இல் குடாநாட்டுக்கு வெளியிலிருந்து வந்த மின்சாரம் அற்றுப்போனது. அதன்பின் வந்த ஆண்டுகளிலே சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தால் வானொலி கேட்டவர்கள் இந்த நேயர்களிடையே பலர் இருப்பீர்கள். அந்த டைனமோ தந்தது ஆடலோட்டம். அதாவது முன்னும் பின்னுமாகத் திசைமாறி ஓடும் மின்னோட்டம். சில்லு விரைந்து சுழன்றால் ஒரு செக்கனிலே ஓட்டம் திசைமாறும் எண்ணிக்கை கூடும். மெல்லச் சுழன்றால் குறையும். ஒரு செக்கனில் நிகழும் இம்முழுச் சுற்றுகளின் எண்ணிக்கையையே மீடிறன் என்கிறோம். டைனமோவிலே வேகம் மீடிறனை நிர்ணயித்தது. மோட்டர் அதன் மறுதலை. அங்கே மீடிறன் வேகத்தை நிர்ணயிக்கின்றது.

நம் நாட்டு மின்சாரத்தின் மீடிறன் 50 ஹேர்ட்ஸ். தொழிற்சாலைகளில் மிகுதியாகக் காணப்படும் தூண்டல் மோட்டரிலே, நான்கு முனைகள் கொண்டதாயின், அதன் காந்தப்புலம் நிமிடத்துக்கு 1500 முறை சுழலும். இருமுனை மோட்டராயின் 3000 முறை. சுழலி அந்தப் புலத்தைத் துரத்திக்கொண்டு சற்றே பின்தங்கி ஓடும். ஆகவேதான் மோட்டரின் தகட்டிலே 1440 என்றோ 2880 என்றோ பொறித்திருக்கக் காண்கிறோம். மின்சார சபையின் மீடிறன் மாறாதவரை மோட்டரின் வேகமும் மாறாது. நிக்கொலா தெஸ்லா 1888இல் இவ்வகை மோட்டருக்கு உரிமம் பெற்ற நாள்முதல் இதுவே அதன் வலிமை, இதுவே அதன் குறை. தேயும் தூரிகைகள் இல்லை, ஆண்டுக்கணக்கில் உழைக்கும், ஆனால் சொன்ன வேகம் கேட்காது.

ஆகவே வேகம் மாற வேண்டுமாயின் மீடிறன் மாறவேண்டும். வேகமாற்றி செய்வது இதுவே. உள்ளே வரும் ஆடலோட்டத்தை முதலில் இருவாயிகள் நேரோட்டமாக்கும். பெரிய கொள்ளளவிகள் அந்நேரோட்டத்தின் அலைவைச் சமப்படுத்தும். சைக்கிள் டைனமோவுடன் வானொலியை இணைப்பதற்குப் பயன்பட்ட இருவாயியும் கொள்ளளவியும் செய்த அதே வேலைதான் இது, அளவுதான் பெரிது. 230 வோல்ற்று உள்ளே வந்தால் கொள்ளளவியில் ஏறத்தாழ 325 வோல்ற்று நேரோட்டம் நிற்கும். மூன்றாவது பகுதியிலே ஆறு மின்னணுச் சுவிற்சுகள் உள்ளன. இவை செக்கனுக்கு ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடி, அந்த நேரோட்டத்தைத் துண்டுதுண்டாக வெட்டி, நமக்கு வேண்டிய மீடிறனுள்ள மூன்று கட்ட ஆடலோட்டமாக மோட்டருக்கு அனுப்புகின்றன. மீடிறன் குறையும்போது மின்னழுத்தத்தையும் அதே விகிதத்திலே குறைக்க வேண்டும். 50 ஹேர்ட்ஸுக்கு 400 வோல்ற்று என்றால் 25 ஹேர்ட்ஸுக்கு 200. அவ்வாறு குறைக்காவிட்டால் மோட்டரின் இரும்பு காந்தத்தால் நிறைந்து, சுருள்களில் ஓட்டம் மிகுந்து, வெந்துபோகும்.

மோட்டரின் வேகத்தை மாற்றும் ஆசை புதியதன்று. 1891இலேயே வார்ட் லெனாட் என்னும் அமெரிக்கர் ஒரு முறை கண்டார். ஒரு மோட்டர் ஒரு மின்பிறப்பாக்கியைச் சுழற்ற, அது மற்றொரு நேரோட்ட மோட்டரை ஓட்டும். அருமையான முறை, ஆனால் ஒரு மோட்டரை ஓட்ட மூன்று இயந்திரங்களும் ஓர் அறையும் வேண்டும். சுரங்கங்களும் உருக்காலைகளும் அதனைத் தாங்கின; சிறு பட்டறைகள் தாங்கமாட்டா. காங்கேசன்துறையில் 1950இல் தொடங்கி 1990இல் நின்றுபோன சீமெந்துத் தொழிற்சாலை போன்ற பெரும் ஆலைகளிலே, சுழல் சூளையின் வேகத்தை உள்ளே இடப்படும் கலவைக்கு ஏற்ப மாற்றாமல் நல்ல சீமெந்து எடுக்க முடியாது. எனவே வேகமாற்றம் என்பது நெடுங்காலம் பெரிய ஆலைகளின் சொத்தாகவே இருந்தது.

அதனைச் சிறு பட்டறைக்குக் கொண்டு வந்தது குறைகடத்திச் சுவிற்சு. 1957இலே தைரிஸ்டர் தோன்றியது. 1968இல் டென்மார்க்கின் டான்பொஸ் நிறுவனம் வேகமாற்றிகளைப் பெருந்தொகையாகச் செய்து விற்கத் தொடங்கியது. ஆயினும் பெட்டி பெரிதாகவும் விலை கூடியதாகவுமே இருந்தது. அடுத்த பெரும் மாற்றத்திலே நமக்கு அண்மையான ஒரு பெயர் வருகின்றது. சென்னையிலே 1948இல் பிறந்து, சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலே 1969இல் பட்டம் பெற்ற ஜெயந்த் பாலிகா, அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுக்கூடத்திலே பணியாற்றிய காலத்தில், வெப்பப் பம்புகளின் மோட்டர் வேகத்தை மாற்றுதற்குரிய நல்ல சுவிற்சு இல்லையே என்ற குறையை எதிர்கொண்டார். 1980ஆம் ஆண்டளவிலே அவர் முன்வைத்து உருவாக்கிய ஐ.ஜி.பி.ரி. என்னும் சுவிற்சே இன்று ஏறக்குறைய எல்லா வேகமாற்றிகளின் உள்ளேயும் இருக்கின்றது. மிகச் சிறிய சைகையாலே பெரிய ஓட்டத்தைத் திறந்து மூடும் ஆற்றல் அதற்கு உண்டு. 2024இல் பின்லாந்தின் மில்லேனியம் தொழில்நுட்பப் பரிசு அவருக்குக் கிடைத்தது. அச்சுவிற்சின் பயனாக, அன்று ஓர் அறையை நிரப்பியது இன்று 3 குதிரைவலு மோட்டருக்கு ஒரு தடித்த அகராதியின் அளவிலே சுவரிலே தொங்குகின்றது.

இனி, இக்கருவி ஒரு பட்டறையிலே என்ன செய்யும் என்று பார்ப்போம். அரிசி ஆலையின் மோட்டர் தொடங்கும் கணத்தில் அயல்வீட்டு விளக்குகள் மங்குவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். நேரடியாக இணைக்கப்பட்ட தூண்டல் மோட்டர் தொடங்கும்போது, வழமையாக எடுக்கும் ஓட்டத்தைப் போல ஆறு, ஏழு மடங்கு எடுக்கும். மின்கம்பியின் கடைசியில் உள்ள ஊர்களிலும், மின்பிறப்பாக்கியைக் கொண்டு வேலை செய்யும் இடங்களிலும் இது பெரிய தொல்லை. வேகமாற்றி, மோட்டரைப் பூச்சியத்திலிருந்து ஐந்தோ பத்தோ செக்கனிலே மெல்ல ஏற்றிச் செல்வதால் ஓட்டம் முழுச்சுமை அளவை அதிகம் தாண்டாது. பட்டி அறுவதும் இணைப்புகள் ஆடுவதும் குறையும். பெரிய மோட்டருக்கென்று பெரிய மின்பிறப்பாக்கி வாங்கும் தேவையும் பல இடங்களில் இல்லாமற் போகும்.

சிறு தொழில் செய்வோருக்கு இதைவிடப் பெரிய வசதி ஒன்று உண்டு. ஊர்ப்புறங்களிலே பெரும்பாலான இடங்களுக்கு வருவது ஒரு கட்ட மின்சாரமே. மூன்று கட்ட இணைப்புப் பெறுவது செலவும் காத்திருப்பும் கொண்ட காரியம். சிறிய வேகமாற்றிகளிலே ஒரு வகை, ஒரு கட்டம் 230 வோல்ற்றை வாங்கி, மூன்று கட்டம் 230 வோல்ற்றாக வெளியே தரும். அதனைக் கொண்டு சாதாரண மூன்று கட்ட மோட்டரை ஓட்டலாம். ஆனால் இரண்டு நிபந்தனைகள். மோட்டரின் தகட்டிலே 230/400 என்று பொறித்திருக்க வேண்டும். அதன் சுருள்களை முக்கோண முறையிலே இணைக்கவேண்டும். இவ்வகை பெரும்பாலும் 2.2 கிலோவாற்று, அதாவது 3 குதிரைவலு வரையிலேதான் கிடைக்கின்றது. ஏற்கெனவே வீட்டிலுள்ள ஒரு கட்ட மோட்டருடன், அதாவது முதுகிலே கொள்ளளவியைச் சுமக்கும் மோட்டருடன், வேகமாற்றியைப் பூட்டி ஓட்டலாம் என்று எண்ணிவிடாதீர்கள். அது பெரும்பாலும் இரண்டையும் கெடுக்கும்.

எல்லாச் சுமையும் ஒரு தன்மையன அல்ல. செக்கு, மா அரைக்கும் ஆலை, கலவை இயந்திரம் ஆகியன மெல்லச் சுழன்றாலும் அதே முறுக்குவிசையைக் கேட்கும். இவற்றுக்கு, ஒரு நிமிட நேரம் ஒன்றரை மடங்கு ஓட்டத்தைத் தாங்கக்கூடிய வேகமாற்றி வேண்டும். மெல்லச் சுழலும்போது மோட்டரின் வால்பக்கத்து விசிறியும் மெல்லச் சுழல்வதால், நெடுநேரம் குறைந்த வேகத்தில் ஓட்டுவதாயின் தனி விசிறி வைக்கவேண்டும். இங்கே மின்சாரச் சிக்கனம் மிகுதியாக எதிர்பார்க்க முடியாது. வேலையின் தரமே ஊதியம். எண்ணெய் சூடேறாமல் ஆட்டுவதும், மா கருகாமல் அரைப்பதும் வேகத்தைப் பொறுத்தவை என்பதை அத்தொழில் செய்வோர்க்கு நான் சொல்லத் தேவையில்லை.

விசிறியும் சுழல்பம்பும் வேறு சாதி. இவற்றிலே வேகத்தோடு நீரின் அளவு நேர்விகிதத்தில் மாறும்; அழுத்தம் வேகத்தின் இருமடியாகவும், வலு மும்மடியாகவும் மாறும். வேகத்தை ஐந்திலே நான்காகக் குறைத்தால் வலு ஏறத்தாழப் பாதியாகும். வேகம் பாதியானால் வலு எட்டிலொன்று. விற்பனைத் துண்டுப்பிரசுரங்களிலே கொட்டை எழுத்தில் அச்சிடப்படுவது இந்தக் கணக்கே. கணக்குப் பிழையன்று. ஆனால் அது நீளமான குழாயின் உராய்வு மட்டுமே தடையாக உள்ள இடத்துக்குரிய கணக்கு. நமது கிணற்றுக்கு அது அப்படியே பொருந்தாது. ஏனெனில் கிணற்றிலிருந்து நீரை ஒரு குறித்த உயரம் தூக்கியே ஆகவேண்டும். வேகம் குறைந்ததென்று கிணறு ஆழம் குறைந்துவிடாது.

ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். நீர்மட்டத்திலிருந்து வாய்க்கால் வரை 18 அடி என்று கொள்வோம். முழுவேகத்திலே, வாயை மூடி ஓட்டினால், 45 அடி வரை அழுத்தம் காட்டும் பம்பு ஒன்று உள்ளது. வேகத்தை 80 வீதமாக்கினால் அந்த 45 அடி, 29 அடியளவாகும்; நீர் வரும். 60 வீதமாக்கினால் 16 அடிக்குச் சற்று மேல். 18 அடிக்குப் போதாது. மோட்டர் சுழலும், மின்சாரம் செலவாகும், ஒரு சொட்டு நீர் மேலே வராது. பம்பினுள்ளே நின்ற நீர் சூடேறும். ஆகவே ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு கீழ்வேக எல்லை உண்டு. வேகமாற்றியிலே அந்த எல்லையை எழுதி வைக்கும் வசதியும் உண்டு; அதனை எழுதாமல் விடுவதே வழக்கமாயிருக்கிறது.

அப்படியானால் மின்கட்டணத்திலே பெரிய இலாபமில்லாத இடத்தில் இக்கருவி ஏன் என்று கேட்பீர்கள். நான் இன்று பேச வந்ததற்குக் காரணமே இதற்கான விடைதான்.

குடாநாட்டின் கீழே இருப்பது வெடிப்புகளும் குகைகளும் நிறைந்த சுண்ணக்கல். மழைநீர் அதனுள் இறங்கி, கடலிலிருந்து உட்புகுந்த உவர்நீரின்மேல், கண்ணாடி வில்லை போன்ற வடிவிலே மிதந்து கொண்டிருக்கிறது. உவர்நீர் நன்னீரைவிடச் சிறிதளவே கனமானது. நாற்பதில் ஒரு பங்கு அதிகம். அந்தச் சிறிய வேறுபாட்டினால் விளைவதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கைபென், ஹெர்ஸ்பேர்க் என்னும் இருவர் தனித்தனியே கணித்தனர். கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 அடி நன்னீர் நிற்கும். மறுபுறம், மேலே ஓர் அடியை நிலையாக இழந்தால் கீழே 40 அடி வரை உவர்நீர் ஏறிவரும். வெடிப்புள்ள சுண்ணக்கல்லிலே இக்கணக்கு அச்சொட்டாக நிகழ்வதில்லை, போக்கு மாறுவதில்லை. புத்தூருக்கு அருகிலுள்ள நிலாவரைக் கிணற்றின் மேல்நீர் நன்னீராகவும் ஆழத்து நீர் உவராகவும் இருப்பதை ஊரவர் நெடுங்காலமாக அறிவர். நம் காலடி நிலத்தின் வெட்டுமுகத்தை அந்தக் கிணறு நமக்குக் காட்டிக்கொண்டிருக்கிறது.

முழுவேகப் பம்பொன்று மூன்று மணிநேரம் இறைத்தால் கிணற்றின் மட்டம் சடுதியாக இறங்கும். இறங்கிய மட்டத்தை நோக்கி நாற்புறமிருந்தும் நன்னீர் வரும். கீழிருந்து உவர்நீரும் கூம்பு போல எழும். அதே அளவு நீரை ஆறு மணிநேரத்தில் எடுத்தால் மட்டம் இறங்குவது பாதியோ அதற்கும் குறைவோ ஆகும். வெடிப்புகளினூடே விரைந்து பாயும் நீருக்குத் தடை வேகத்தைவிடக் கூடுதலாக வளர்வதே இதற்குக் காரணம். உவர்க்கூம்பும் தாழ்வாகவே நிற்கும். துலா மிதித்தவர் வேறு வழியின்றிச் செய்ததை, வேகமாற்றி வேண்டுமென்றே செய்விக்கிறது.

இதற்குரிய வசதி சிறிய வேகமாற்றிகளிலும் பொதுவாக உள்ளே அமைந்தே வருகின்றது. கிணற்றின் அடியிலே விரலளவான ஓர் அழுத்த உணரியைக் கம்பியிலே தொங்கவிட வேண்டும். அதன்மேல் நிற்கும் நீரின் உயரத்தை அது 4 முதல் 20 மில்லியம்பியர் வரையான ஓட்டமாகத் தெரிவிக்கும். வேகமாற்றி அதனைப் பார்த்துக்கொண்டே, மட்டம் குறித்த கோட்டுக்குக் கீழே போகாதவாறு வேகத்தைத் தானாகவே கூட்டிக் குறைக்கும். கீழ்வேக எல்லையிலும் மட்டம் இறங்கினால் மோட்டரை உறங்கவைத்து, ஊற்று ஏறியபின் மீண்டும் எழுப்பும். உணரிக்குப் பணமில்லையென்றாலும், பம்பு வெறுமனே சுழல்வதை மோட்டரின் சுமை குறைவதைக் கொண்டே கண்டறிந்து நிறுத்தும் வசதி பல வேகமாற்றிகளில் உண்டு. உறிஞ்சுகுழாய் காற்றிழுத்து முத்திரை எரிந்துபோன பம்பைத் தூக்கிக்கொண்டு பட்டணத்துக்குப் போனவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஒரு தடையையும் மறைக்காமற் சொல்லவேண்டும். வாய்க்கால் வழியே பாத்திக்கு நீர் பாய்ச்சுபவருக்கு மெல்லிய ஓட்டம் உதவாது. செம்மண் வாய்க்கால் வழியிலேயே நீரைக் குடித்துவிடும். கடைசிப் பாத்திக்கு ஈரமே சேராது. மெல்ல இறைக்க விரும்புவோர் ஒரு தொட்டியிலே சேர்த்து வைத்துப் பாய்ச்ச வேண்டும். அல்லது குழாய்வழித் தூவலுக்கோ சொட்டு முறைக்கோ மாறவேண்டும். சொட்டு முறையிலே இக்கருவி இன்னும் பொருத்தமானது: எத்தனை வால்வுகள் திறந்திருந்தாலும் குழாயின் அழுத்தத்தை ஒரே அளவிலே வைத்திருக்கும். மற்றொன்று: மெல்ல இறைப்பது உவரைத் தள்ளிப்போடுமேயன்றி, மாரி தந்ததைவிடக் கூடுதலாக எடுப்பதை மன்னிக்காது. இரவு முழுவதும் தானாக ஓடும் பம்பு, மனிதர் களைத்துப்போய் நிறுத்தியிருக்கக்கூடிய இறைப்பையும் தொடர்ந்து செய்யும். ஆதலின் ஒரு நாளுக்கு இவ்வளவு மணிநேரம் என்ற எல்லையையும் கருவியிலே வைத்துவிடுவது நன்று.

இழப்பின் விலை என்ன என்பதற்கு ஒரு கணக்கு. வடமராட்சி கிழக்கிலே தாளையடியில் 2024 ஓகஸ்ட் மாதம் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறந்துவைக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் அதன் கொள்ளளவு. குடிநீருக்கு அது வேண்டியதே. ஆனால் இம்முறையிலே ஒரு கன மீற்றர் நன்னீர் பெறப் பொதுவாக 3 முதல் 4 அலகு மின்சாரம் செலவாகும். கிணற்றிலிருந்து அதே நீரை 20 அடி தூக்க, பம்பினதும் மோட்டரினதும் இழப்பைச் சேர்த்தாலும், ஓர் அலகின் இருபத்தைந்தில் ஒரு பங்கே போதும். உவராகிவிட்ட கிணற்றை மீட்கும் செலவை எண்ணும்போது இந்த எண்பது, தொண்ணூறு மடங்கை நினைவில் வைத்துக்கொள்ளலாம். வெங்காயம் செய்பவர் அந்த விலைக்கு நீர் வாங்க முடியாது.

வாங்கச் செல்வோர் கவனிக்கவேண்டியன சில உள. குதிரைவலுவைப் பார்த்து வாங்குவதைவிட, மோட்டர்த் தகட்டிலுள்ள அம்பியரைப் பார்த்து, அதற்குக் குறையாத ஓட்டந்தரும் வேகமாற்றியை வாங்குங்கள். சுற்றுப்புற வெப்பம் 40 பாகைக்கு மேற்போனால் பெரும்பாலானவை முழுச்சுமை தாங்கா. பங்குனி, சித்திரையிலே தகரக் கூரையின்கீழ் 40 என்பது பெரிய எண்ணன்று. கடற்காற்று வீசும் ஊர்களுக்கு, மின்சுற்றுப் பலகையின்மேல் காப்புப்பூச்சுப் பூசிய வகையைக் கேட்டு வாங்குங்கள். சூரியத் தகடுகளிலிருந்து நேராக நேரோட்டத்தை வாங்கி, வெயிலின் அளவுக்கு ஏற்ப வேகத்தை மாற்றும் பம்பு வேகமாற்றிகளும் கிடைக்கின்றன. காலையில் மெல்லத் தொடங்கி, நண்பகலில் விரைந்து, மாலையில் தளரும் அந்த இறைப்பு கிணற்றுக்கும் ஏற்றதே.

நான் அறிந்த ஒரு மரவேலைப் பட்டறையிலே வேகமாற்றியைத் திறந்த சுவரிலே மாட்டியிருந்தார்கள். இரவிலே இளஞ்சூடான இடம் அதுவே என்று கண்ட பல்லி ஒன்று காற்றுத்துளை வழியே உள்ளே புகுந்தது. மறுநாட் காலை சுவிற்சைப் போட்டதும் பல்லியும் பலகையும் ஒருங்கே போயின. இரண்டாவது கருவியை வாங்கியபோது, காற்றும் புகாத இரும்புப் பெட்டியிலே வைத்துப் பூட்டினார்கள். பல்லி வரவில்லை, ஆனால் ஒவ்வொரு நண்பகலும் கருவி சூடேறித் தானே நின்றுகொண்டது. 3 குதிரைவலு வேகமாற்றி ஓடும்போது அதனுள்ளே ஒரு பழைய மின்குமிழ் அளவு வெப்பம் பிறக்கிறது; அது வெளியேற வழி வேண்டும். கீழும் மேலும் துளையிட்டு நுண்வலை அடித்த பெட்டியோ, அல்லது 66 என்னும் காப்புத்தரம் உடைய மூடிய வகையோ வாங்கியிருந்தால் இரண்டு செலவும் வந்திராது.

வானொலி நேயர்களுக்கு ஒரு தனிச் செய்தி. செக்கனுக்கு ஆயிரக்கணக்கான முறை மின்சாரத்தை வெட்டும் இக்கருவி, கட்டுப்பாடின்றி விட்டால், ஒரு சிறிய ஒலிபரப்பு நிலையம் போன்றது. மத்திய அலையிலே திடீரென்று இடைவிடாத இரைச்சல் கேட்டால், அயலிலே யாரோ வேகமாற்றி பூட்டியிருக்கிறார் என்று ஐயுறலாம். இதனைத் தடுக்கும் வடிகட்டி சில கருவிகளில் உள்ளேயே உண்டு. சிலவற்றில் தனியாக வாங்கவேண்டும். மோட்டருக்குச் செல்லும் கம்பி உலோக உறையிட்டதாகவும், இயன்றவரை குட்டையாகவும், இருமுனையும் நிலத்தொடுப்பு உடையதாகவும் இருத்தல் வேண்டும். இவ்வாறு செய்தால் இரைச்சல் குறைவதுடன், நீண்ட கம்பியிலே எழும் அழுத்த அலைகளால் மோட்டரின் சுருள் காப்புப் பழுதாவதும் தவிர்க்கப்படும்.

கருவியைத் திறப்பவர் மின்சாரத்தை நிறுத்தியவுடனே உள்ளே கைவைத்தல் ஆகாது. விளக்கு அணைந்தபின்னும் கொள்ளளவியிலே உயிர்போக்கக்கூடிய மின்னழுத்தம் நின்றுகொண்டிருக்கும். மூடியின்மேல் எத்தனை நிமிடம் காத்திருக்கவேண்டும் என்று எழுதியிருப்பார்கள். பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்குக் குறையாது. அத்தனையும் காத்திருந்து, மானியால் அளந்து பார்த்த பின்னரே தொடவேண்டும். போர் முடிந்தபின் மீண்டும் இயங்கத் தொடங்கிய அச்சுவேலிக் கைத்தொழிற்பேட்டை போன்ற இடங்களிலே தொழில் பயிலும் இளைஞர்க்கு இதனை முதற்பாடமாகச் சொல்லிக் கொடுத்தல் தகும்.

தோட்டக்காரருக்கு ஒரு யோசனை. மட்டத்துக்கான கோட்டை ஒருமுறை வைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். மாரி ஓய்ந்த தை மாதத்தில் கிணறு நிறைந்திருக்கும். ஆவணி, புரட்டாதியில் அதே கிணற்றின் மட்டம் மிகத் தாழ்ந்திருக்கும். தையிலே வைத்த கோட்டை ஆவணியிலும் வைத்தால் பம்பு நாள்முழுதும் உறங்கும். ஆவணிக்கு வைத்த கோட்டைத் தையிலே வைத்தால் காவலே இல்லாததாகும். காலையில் இறைப்புத் தொடங்குமுன் ஒருமுறையும், இறைத்து முடிக்கும் வேளையில் ஒருமுறையும் நீரின் உவர்ப்பை அளந்து ஒரு கொப்பியிலே குறித்துவாருங்கள். அதற்குப் பேனா அளவான மின்கடத்துமானி சிறுவிலைக்குக் கிடைக்கும். இரண்டு எண்களுக்குமிடையே வேறுபாடு வளரத் தொடங்கும் நாளிலே, வேகமாற்றியின் குமிழைச் சற்று இடப்புறம் திருப்பவேண்டும்.